மூன்று நாள் கஞ்சி

ப்ரேமன் நகரத்தில் மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறவர்கள், அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் பொதுவாக ‘மொய்ன்’ என்று ஒரு வணக்கம் சொல்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர்களும் ‘மொய்ன்’ என்று திருப்பிச் சொல்கிறார்கள். அதோடு சரி. பிறகு யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அன்று நான் போனபோது ஒன்பது பேர் இருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் பதினான்கு மொய்ன் கேட்டேன், பதினான்கையும் திருப்பிச் சொன்னேன். தூத்துக்குடியில் டாக்டர் வீட்டு வராந்தாவில் ஒருவரும் வணக்கம் சொல்ல மாட்டார்கள். ஆனால் பத்தாவது நிமிடத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு எத்தனை பிள்ளைகள், கல்லடைப்பு எந்தப் பக்கம், மருமகள் எந்த ஊர் என்பதெல்லாம் தெரிந்துவிடும். மகளோடு இருக்க வந்து மூன்று வருடம் ஆகிறது. எழுபத்துமூன்று வயதுக்காரனுக்கு இந்த மௌனம் இன்னும் பழகவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். ரத்தம் எடுக்கிற பெண்மணி என் சட்டைக் கையை மடித்துவிட்டு, சாப்பிடாமல்தானே வந்திருக்கிறீர்கள் என்று மெதுவான ஜெர்மனில் கேட்டார். எனக்கு அந்த அளவுக்குப் புரியும். நான் பெருமையாக மூன்று விரலைக் காட்டி, “மூன்று நாளாகவே கஞ்சித் தண்ணீர்தான், இனிப்பு கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, சாயங்காலம் இரண்டு மணி நேரம் நடை” என்று பாதி ஜெர்மனிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். வயிறு சரியில்லையா, காய்ச்சலா என்று கேட்டார். இல்லை, இந்தச் சோதனைக்காகத்தான் என்றேன். “அப்படியானால் நான் எடுக்கப் போவது யாருடைய ரத்தம்?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னுடையதுதான் என்று சட்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, “பரவாயில்லை, இந்த லாங்ஸைட்சுக்கர் சோதனைக்கு உங்கள் கஞ்சியெல்லாம் தெரியாது” என்று சொல்லி ஊசியைப் போட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் எப்படி ரத்தம் கொடுத்துப் பழகியவர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது வேலை. நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது கோடு. முந்திரிக்கொட்டை, கோதுமை, உரம், எது இறங்கினாலும் எனக்கு அது கோடுதான். ஆனபடியால் எதைப் பார்த்தாலும் எண்ணுகிற வியாதி வந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்கு மருத்துவச் சோதனை வைப்பார்கள். பலகையில் தேதி ஒட்டிய அன்றே எங்கள் பிரிவில் இருபத்திரண்டு பேரும் பத்தியத்துக்குப் போய்விடுவோம். பாகற்காய்ச் சாறு, கஞ்சி, சீனி போடாத டீ. கேண்டீனில் வடை மிஞ்சும். “என்ன அண்ணாச்சி, ஆபீஸே பரீட்சைக்குப் படிக்குதாக்கும்?” என்று கேண்டீன்காரர் கேலி செய்வார். ரத்தம் கொடுத்த கையோடு, பஞ்சைக்கூட எடுக்காமல், மொத்தப் பேரும் நேராகப் பூரியும் அல்வாவும் சாப்பிடப் போவோம். முடிவு வந்ததும் மதிப்பெண் போலவே பேச்சு. “நான் தொண்ணூத்தெட்டுலே!” “எனக்கு நூத்திரண்டு, நூலிழையில தப்பிச்சேன்.” யாரும் தோற்றதில்லை. அந்த இருபத்திரண்டு பேரில் இன்றைக்கு ஆறு பேர்தான் இருக்கிறோம். இதை நான் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பத்தியத்தையும் இந்தக் கணக்கையும் சேர்த்து யோசித்ததில்லை.

இந்த வித்தையை என் தம்பி பொன்ராஜுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். அவன் என்னைவிட ஏழு வயது இளையவன். திரேஸ்புரம் பக்கம் படகுக்காரர்களுக்குக் கயிறு, மிதவை, வலை விற்கிற கடை வைத்திருந்தான். நல்ல உடம்பு, நல்ல வாய். பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றும்போது “குளிச்சுக் கரையேறுத மாரி ஊத்து அண்ணாச்சி” என்று கேட்கிற ஆள். கடைக்கு நாலு வீடு தள்ளி ஒரு பேக்கரி. தினமும் மாலை அங்கேயிருந்து மக்ரூன் வரும். முந்திரியும் முட்டையும் சீனியும் சேர்ந்த அந்தப் பண்டத்தை அவன் எண்ணித் தின்றதே இல்லை. ஒருநாள் தலைசுற்றலுக்குப் போன இடத்தில் கொலஸ்ட்ரால் இருநூற்று ஐம்பத்துநான்கு என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, கவனம் என்றும் சொன்னார். ‘எல்லைக்கோடு’ என்ற வார்த்தையை நாங்கள் இரண்டு பேரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டோம். கோட்டுக்கு இந்தப் பக்கம்தானே நிற்கிறோம் என்று நினைத்தோம்.

நான் ப்ரேமனுக்கு வந்தபின் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனுக்குப் போன் செய்வேன். இங்கே காலை எட்டு மணி, அங்கே பன்னிரண்டரை. கோடையானால் பதினொன்றரை. மனைவி போய், ஊரும் போய், எனக்கென்று மிச்சமிருந்த பேச்சுத்துணை அவன் ஒருவன்தான். ஆனால் கவலைப்படாமல் பேச எனக்குத் தெரியாது. முதல் கேள்வியே “என்னலே, நம்பர் என்ன?” என்பதுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கச் சொன்னேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, இரண்டு போதும் என்று நானே முடிவு செய்தேன். தினமும் எத்தனை காலடி நடந்தான் என்பதைப் போனில் பார்த்து அனுப்பச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தேன். தேதி, சர்க்கரை, கொழுப்பு, காலடி, கடைசிக் கட்டத்தில் எத்தனை நிமிடம் பேசினோம் என்பது. நூற்றுப் பன்னிரண்டு, நூற்று ஒன்பது, நூற்றுப் பதினொன்று. கொழுப்பு நூற்று எழுபத்தாறுக்கு இறங்கிவிட்டது. காலடி ஏழாயிரத்துக்குக் குறையவில்லை. மாதா கோயில் திருவிழாச் சமயத்தில் ஒருநாள் பதினோராயிரம் வந்தது. நான் அதைச் சிவப்பு மையால் எழுதினேன்.

கொழுப்பு இறங்கியதும் நான் ஒரு காரியம் செய்தேன். அந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கல்லீரல் போய்விடும் என்று யாரோ அனுப்பிய வாட்ஸப் செய்தியைப் படித்துவிட்டு, இரண்டு ராத்திரி யோசித்து, தம்பியிடம் சொன்னேன். “இப்பதான் நல்லா இருக்குல்லா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாப் போதும்லே.” மாத்திரை போடுவதால்தான் நல்லா இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சொன்னேன். டாக்டரைக் கேட்டுக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. அவன் “சரிண்ணே” என்றான். எனக்கு அவன் எப்போதும் சரிதான் சொல்வான்.

ரத்தம் கொடுத்த பத்தாவது நாள் ப்ரேமன் மருத்துவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். என் மகள் மாலா பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தாள். லாங்ஸைட்சுக்கர் என்றால் மூன்று மாதச் சர்க்கரை. ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் மூன்று மாதம் ஞாபகம் வைத்திருக்கின்றன, சோதனைக்கு முந்தின மூன்று நாளை மட்டும் பார்த்து அவை ஏமாறுவதில்லை என்றார். என் எண் ஆறு புள்ளி மூன்று. இன்னும் நோய் ஆகவில்லை, ஆனால் கொழுப்பும் கூடி இருப்பதால் சும்மா விட முடியாது என்றார். தம்பிக்காக வைத்திருந்த நோட்டைக் காட்டினேன். “நீங்கள் இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறீர்கள். கொழுப்பு கூடியவருக்குச் சர்க்கரையும் ஏறினால், இதயத்துக்கு வரும் ஆபத்தைக் கூட்டிப் பார்க்கக் கூடாது, பெருக்கிப் பார்க்க வேண்டும்.” பிறகு இன்னொன்றும் சொன்னார். சர்க்கரை பல காலமாகக் கூடி நிற்பவர்களுக்கு நரம்பு மரத்துப்போவதால், மாரடைப்பு வந்தால்கூடச் சிலருக்கு நெஞ்சு வலிக்காது. நான் என்னைப் பற்றி யோசிக்கவில்லை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஞாயிறுவரை காத்திருக்காமல், வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே போன் செய்தேன்.

“பொன்ராசு, வேற ஒரு டெஸ்ட் இருக்குலே. மூணு மாசச் சர்க்கரை. நாளைக்கே எடு.”

“என்னண்ணே, இன்னைக்குக் கெழம மாறிப் போச்சா ஒனக்கு? ஞாயித்துக்கெழமதான கணக்கு கேப்ப?”

“வெளையாடாத. நாளைக்கே எடு.”

“நாளைக்கா?” என்றான். “ஒரு நாலு நாள் கழிச்சி எடுக்கேண்ணே. கடையில சரக்கு வந்து கெடக்கு.”

அந்த நாலு நாள் எதற்கு என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கற்றுக்கொடுத்தவனே நான். ஆனால் புரியவில்லை. நாலாம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அடுத்த நாள் கேட்டேன், ரிப்போர்ட் வரவில்லை என்றான். அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒன்பது நாளில் பதின்மூன்று தடவை கேட்டேன். “அந்த லேப்காரனுக்கு மிஷின் ரிப்பேராம்ணே” என்றான் கடைசியில். பத்தாம் நாள் போன் வந்தது. பேசியது அவன் மனைவி செல்வி.

“அத்தான், அவங்களுக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதிய. ஆஸ்பத்திரியில இருக்காவ” என்று ஆரம்பித்தாள். நம் ஊரில் இப்படி ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் சட்டை நனைகிற மாதிரி வேர்த்திருக்கிறது. நெஞ்சு வலி இல்லை. மேல்வயிற்றில் ஒரு கனம். வாய்வு என்று நினைத்துப் பக்கத்துக் கடையில் உப்பும் எலுமிச்சையும் போட்டுச் சோடா குடித்திருக்கிறான். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்று சொல்லி, மறுபடியும் ஒரு சோடா. மத்தியானம் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுப் படுத்தவன், ஐந்து மணிக்கு மூச்சு வாங்கி எழுந்திருக்கிறான். அவன் சிநேகிதன் மிக்கேல்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. அடைப்பு காலையிலேயே வந்துவிட்டது, இதயச் சதையில் பெரும்பகுதி செத்துப்போயிற்று என்று டாக்டர் சொன்னாராம். மூன்று குழாயிலும் அடைப்பு. அறுவைச் சிகிச்சையைத் தாங்குகிற நிலைமையில் இதயம் இல்லை. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை எட்டரை மணி நேரம். நான் இதை எத்தனை தடவை கழித்துப் பார்த்தாலும் அதே விடைதான் வருகிறது.

ப்ரேமன், ஃப்ராங்க்ஃபர்ட், சென்னை, தூத்துக்குடி. இருபத்தேழு மணி நேரம். ஆஸ்பத்திரி வாசலில் மிக்கேல் நின்றிருந்தார். புன்னைக்காயல்காரர், லாஞ்சிப் படகில் நாற்பது வருடம் ஓடிவிட்டுக் கரையேறியவர், இப்போது திரேஸ்புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். தம்பியின் கடையில் கயிறு வாங்க வந்து சிநேகிதமானவர். என் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டவர் நகராமல் நின்றார்.

“அண்ணாச்சி, உள்ள போகும் முன்ன ஒண்ணு சொல்லிருதேன். அப்புறம் எனக்குத் தூக்கம் வராது.”

“என்ன மிக்கேல்?”

“நான் தெனமும் காலைல முத்துநகர் பீச்சுல நடப்பேன். ‘மிக்கேலு, நீ சும்மாதானே நடக்க, இந்தப் போனையும் சட்டப்பையில போட்டுக்கிட்டுப் போ’ன்னான் பொன்ராசு. எதுக்குலேன்னு கேட்டேன். ‘எங்கண்ணனுக்கு’ன்னான். ரெண்டு வருசமா ரெண்டு போனு சொமந்தேன். மாதா சத்தியமா வெளையாட்டுன்னுதான் நெனச்சேன்.”

எனக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை. பதினோராயிரம் காலடி நினைவுக்கு வந்தது. “திருவிழா அன்னைக்கு?” என்று கேட்டேன். “தேர் கூடவே போனேன் அண்ணாச்சி, ரெண்டு சுத்து” என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் சிவப்பு மையால் எழுதியது புன்னைக்காயல் மிக்கேலின் கால்களை.

தம்பி மெலிந்திருந்தான். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும், “ஏண்ணே இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட, ஞாயித்துக்கெழம வரலியே இன்னும்” என்றான். மூன்று நாள் கழித்து, அவனைச் சாதாரண அறைக்கு மாற்றிய பிறகுதான் கேட்டேன். செல்வி அதற்குள் அந்த ரிப்போர்ட்டை எடுத்து வந்து கொடுத்திருந்தாள். கடை மேசையில் நைலான் கயிற்று விலைப்பட்டியலுக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருந்தானாம். மூன்று மாதச் சர்க்கரை எட்டு புள்ளி ஆறு. கொழுப்பு இருநூற்று நாற்பத்தெட்டு. முன்பெல்லாம் அடியோடு நிறுத்தி வைத்திருந்த மாத்திரையைச் சோதனைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கி, கடைசி மூன்று நாள் கஞ்சி குடித்துப் போவானாம். இந்தத் தடவை நான் நாலு நாள்தான் கொடுத்தேன்.

“மூணு நாளும் கஞ்சிதாண்ணே குடிச்சேன். அது கேக்கல” என்றான், ஏதோ அவன்மேல்தான் தப்பு என்கிற மாதிரி.

“என்கிட்ட ஏம்லே மறச்ச? நான் என்ன ஒன்ன அடிக்கவா போறேன் அவ்வளவு தூரத்துல இருந்து?”

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். “மறைக்கணும்னு இல்லண்ணே. நம்பர் நல்லா இருந்தா நீ ஒரு மணி நேரம் பேசுவ. மைனியப் பத்திப் பேசுவ, ஆர்பர்ல நடந்ததெல்லாம் சொல்லுவ, சிரிப்ப. நம்பர் சரியில்லன்னா பத்து நிமிசம் ஏசிட்டு வச்சிருவ. அப்புறம் எனக்கு அடுத்த ஞாயிறுதான். நான் என்ன செய்ய?”

நான் நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வெளியே வராந்தாவில் உட்கார்ந்து கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். முதல் வருடம், சர்க்கரை நூற்று இருபத்தொன்று என்று அவன் உண்மையைச் சொன்ன நாள்: ஒன்பது நிமிடம். நூற்று இருபத்துநான்கு: பதினோரு நிமிடம். அதற்குப் பிறகு நூற்று ஒன்பது: ஐம்பத்திரண்டு நிமிடம். நூற்றுப் பன்னிரண்டு: நாற்பத்தேழு. நானே என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். என் தம்பி அதைப் படித்துப் பார்க்காமலேயே கணக்குப் போட்டுவிட்டான்.

அதன்பிறகு நான் ஊரிலேயே இருந்தேன். பிரையண்ட் நகரில் அவன் வீட்டு முன்னறையில் எனக்கு ஒரு கட்டில். காலையும் மாலையும் நான்தான் அவன் விரலில் குத்தி மிஷினில் சர்க்கரை பார்ப்பேன். நூற்றெழுபது வந்தாலும் இருநூற்றிருபது வந்தாலும் டாக்டருக்கென்று ஒரு சீட்டில் எழுதிவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருவேன். அவன் என்னை ஓரக்கண்ணால் பார்ப்பான். “ஏசலியாண்ணே?” என்பான். “ஏச என்னலே இருக்கு” என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் பேசுவேன். அவன் மைனியை, என் மனைவியைப் பற்றித்தான் அதிகம் கேட்பான். அவன் படுத்திருந்த அந்த மாதங்களில் நாங்கள் பேசியது, அதற்கு முன் அறுபது வருடத்தில் பேசியதைவிடக் கூட இருக்கும். இதை மட்டும் நான் எண்ணவில்லை. குத்துமதிப்பாகச் சொல்கிறேன்.

ஆனால் வேறொரு எண்ணிக்கை பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் எனக்குக் கொடுத்திருக்கிற குடியிருப்பு அனுமதியில் ஒரு விதி உண்டு. ஆறு மாதத்துக்குமேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அது தானாகவே இல்லாமல் போய்விடும். கூடுதல் நாள் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். கிளம்பிய அவசரத்தில் யாரும் கேட்கவில்லை. பிறகு மாலா எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. “அப்பா, திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. நான் இங்கே தனியா ஒரு பிள்ளைய வச்சுக்கிட்டு...” என்று போனில் அழுதாள். எனக்கு நூற்று எண்பத்திரண்டு நாள் இருந்தது. தம்பிக்கும் அது தெரியும். ஒருநாள் மிஷினை எடுத்து வைக்கும்போது, “எத்தனை நாள் ஆச்சுண்ணே?” என்று கேட்டான். நூற்று நாற்பத்தொன்று என்றேன். “நாளத் தப்பவிட்டுராத. பிள்ள தனியா இருக்கா” என்றான். அவனுடைய கால் வீங்கத் தொடங்கிய வாரம் அது. இதயம் இறைப்பது போதவில்லை, தண்ணீர் தங்குகிறது என்றார்கள். மாத்திரை மாற்றினார்கள், வீக்கம் இறங்கும், மறுபடி ஏறும். நூற்று அறுபத்தொன்பதாவது நாள் காலையில் செல்வி காபியோடு போனாள். கூப்பிட்டதற்கு அவன் எழுந்திருக்கவில்லை.

அவன் மகன் துபாயிலிருந்து வந்து கொள்ளி வைத்தான். எல்லாம் முடிந்து வீடு கழுவிவிட்ட பிறகு, நான் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். பதினாறாம் நாள் காரியம், என் கணக்கில் நூற்று எண்பத்துநான்காவது நாளில் விழுந்தது. இரண்டே நாள் இடிக்கிறது. மூன்று தடவை எண்ணினேன். இறந்த அன்றையும் சேர்த்துத்தான் எண்ணினேன். இரண்டு நாள்தான்.

செல்விக்கு என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. “அத்தான், இப்பல்லாம் எத்தனையோ வீட்டுல பதினொண்ணுலயே வச்சு முடிச்சிருதாவ. லீவு இல்ல, அது இல்லன்னு. நாமளும் முன்னாலேயே வச்சுக்கிடுவோம். நீங்க இருந்து பாத்துட்டுப் போங்க. அவங்களுக்கும் அதுதான் சந்தோசமா இருக்கும்” என்றாள். பெரியவர்கள் இரண்டு பேரைக் கேட்டு, அவர்களும் சரி என்று சொல்லிவிட்டார்களாம். மகனும் தலையாட்டினான். எல்லாருக்கும் நல்ல மனது. நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“வேண்டாம் செல்வி” என்றேன். “எனக்காக அவன் மாத்தின நம்பரெல்லாம் போதும். பதினாறுன்னா பதினாறாகவே இருக்கட்டும்.” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பன்னிரண்டாம் நாள் விமானம் ஏறினேன். மிக்கேல்தான் டாக்சி ஸ்டாண்ட் வரைக்கும் பெட்டியைத் தூக்கி வந்தார். நூற்று எண்பத்தோராவது நாள் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கினேன். கடவுச்சீட்டைப் பார்த்த இளைஞன் தேதியைக்கூடக் கணக்குப் பார்க்கவில்லை. முத்திரை குத்தி, நல்வரவு என்றான்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்குப் போன் செய்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கொழுப்பு அதிகம் என்றால், வெறும் வயிற்று எண் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். மூன்று மாதச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையைக் கூட்டவும் குறைக்கவும் டாக்டருக்கு விடுங்கள். வலியே இல்லாமல் வேர்த்துக் கொட்டி வயிறு கனத்தால் சோடாக் கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். இதெல்லாம் எந்த மருத்துவரும் சொல்வார். அவர் சொல்லாதது ஒன்று உண்டு. எண்ணைக் கேட்பதற்கு முன் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். எண் எதுவாக இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். எனக்கு இது தெரிய நேரமாகிவிட்டது.

பதினாறாம் நாள் இங்கே வியாழக்கிழமை. மாலா பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். வெளியே தூறல், எட்டரை மணிக்கும் தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தூத்துக்குடியில் பகல் ஒரு மணி. தம்பி மகன் வீடியோவில் கூப்பிட்டு, போனைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தான். தம்பியின் படம், மாலை, விளக்கு. படத்துக்கு முன்னால் தலைவாழை இலை, அதில் சோறு, பருப்பு, அவியல், அப்பளம், பாயசம். அவனுக்கான படையல். பிறகு பந்தி போட்டார்கள். கூடத்தின் நீளத்துக்கு ஒரு வரிசை. நான் வழக்கம்போல எண்ணினேன். பதினெட்டு இலை, பதினேழு பேர். வரிசையின் முதல் இலையில் ஆள் இல்லை. பரிமாறுகிறவர்கள் அதையும் தாண்டிப் போகாமல் சோறு வைத்தார்கள், குழம்பு ஊற்றினார்கள், அப்பளத்தை ஓரத்தில் வைத்தார்கள். செல்வி வந்து போனுக்கு முன் குனிந்தாள். “மொத எலை ஒங்களுக்குப் போட்டது அத்தான். மூத்தவங்க இல்லாம எப்படிப் பந்திய ஆரம்பிக்க?” என்றாள்.

நான் இங்கே சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு கோப்பை காபி, ஆறிப்போயிருந்தது. அங்கே எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பார் வாளி வந்தது, ரசம் வந்தது, மோர் வந்தது. திரைக்குள் ஆள் இல்லாத இரண்டு இலைகள் தெரிந்தன. சுவரோரத்தில் படத்தின் முன் ஒன்று, பந்தியின் தலைப்பில் ஒன்று. இரண்டிலும் சோறு அப்படியே இருந்தது. படத்தைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்தால், எது செத்தவனுடையது, எது தூரத்தில் இருப்பவனுடையது என்று புதிதாக வருகிற ஒருவருக்குச் சொல்லத் தெரியாது. பதினேழு பேரும் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்கள். கடைசியில் செல்வி மட்டும் அந்த முதல் இலைக்கு அருகே உட்கார்ந்து, போனைப் பார்த்தாள்.

“அத்தான், எலைய மூடிரட்டுமா?”

“கொஞ்சம் இரும்மா” என்றேன்.